நாற்காலி கேட்டால் மண்டபம் தருபவர்

விழாச் செயலாளர் என்றொரு பிராணி உண்டு. மனித இனத்தைச் சேர்ந்ததுதான். காய்ச்சல் வந்தால் நம்மைப் போலவே உடம்பு சுடும். மாத்திரை கொடுத்தால் வியர்த்து இறங்கும். கையைப் பிடித்து நாடி பார்த்தால் எல்லாருக்கும் அடிப்பது போலத்தான் அடிக்கும். ஒரே ஒரு வித்தியாசம். நீங்களும் நானும் இன்றைக்கு உயிரோடு இருக்கிறோம். அவர் வருகிற வெள்ளிக்கிழமை மாலையில் உயிரோடு இருப்பார்.

காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். இட்லியா உப்புமாவா என்று மனைவியைக் கூப்பிட்டு விசாரிப்பார். பொங்கலுக்கு மறு ஞாயிறு என்ன நிகழ்ச்சி, யார் தலைமை, யார் முன்னிலை, யார் வாழ்த்துரை, நன்றியுரைக்கு யாரைப் போட்டால் யார் கோபித்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்; கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பார். நடந்து முடிந்த விழா அவருக்குப் பழைய சோறு. நடந்துகொண்டிருக்கும் விழாவையும் அவர் பார்த்தது கிடையாது. மேடையில் ஒரு பெண் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருப்பாள். இவர் மேடைக்குப் பின்னால் நின்று, அடுத்த மாதத்துக்கும் இதே பெண்ணை அழைக்கலாமா, எப்படிப் பாடுகிறாள் என்று யாரையாவது கேட்டுக்கொண்டிருப்பார். திரும்பி நின்று கேட்டால் தெரிந்துவிடாதா? அதற்கெல்லாம் நேரம் ஏது?

ஆளை அடையாளம் கண்டுகொள்வது எளிது. கக்கத்தில் ரெக்சின் பை. பைக்குள் மை காயாத நோட்டீஸ் கட்டு, மடித்த பொன்னாடை, மைக்செட்காரரின் விசிட்டிங் கார்டு. எதிரே வருகிறவர் சாவு வீட்டுக்குப் போகிறாரா பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போகிறாரா என்று பார்க்காமல் நோட்டீஸை நீட்டும் கை. பேச்சைப் புரிந்துகொள்வதுதான் கஷ்டம். ‘சிறப்பு விருந்தினர் வந்துகொண்டே இருக்கிறார்’ என்றால் அவர் வீட்டில் இப்போதுதான் வெந்நீர் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். ‘இரண்டே வார்த்தை பேசுவார்’ என்றால் நீங்கள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வரலாம். ‘எளிமையாகத்தான் நடத்துகிறோம்’ என்றால் பந்தல் தெருவை அடைக்கும், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு போக வேண்டும். டாக்டர் கையெழுத்தைப் படிக்கப் பழகுவது போல இதையும் பழகிக்கொள்ள வேண்டும். பழகாதவர்கள் சர்க்கரை இறங்கி மயங்கி விழுவார்கள். நான் இரண்டு பேரைத் தூக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

எங்கள் பக்கத்து மாதிரிக்கு வருவோம். பெயர் தணிகாசலம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில், கம்பெனிகள் வந்த பிறகு நெல்வயலைத் தட்டி நிரவி மனை போட்ட நகர் ஒன்றில் சொந்த வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் விருப்ப ஓய்வு வாங்கியவர். அவர் விரும்பினாரா, சங்கம் விரும்பியதா என்று தெரியாது. வாங்கிய கையோடு ‘குடியிருப்போர் கலை பண்பாட்டு மன்றம்’ என்று ஒன்றைத் தொடங்கித் தானே செயலாளரும் ஆனார். தெருக்கோடிக் கல்யாண மண்டபத்தின் சாவி அவர் இடுப்பில் இருந்தது. சாவி இருந்தால் விழா வேண்டாமா?

ஆள் பஞ்சம் இல்லாத இடம். திருநெல்வேலி, விருதுநகர்ப் பக்கத்துப் பையன்கள் ஒரு அறைக்கு ஆறு பேராக ஷிப்டு மாற்றித் தூங்குவார்கள். பெண்களுக்கு லேடீஸ் ஹாஸ்டல். மலையாளிகள், தெலுங்கர்கள், மெஷின் பொருத்த வந்த வெளிநாட்டுக்காரர்கள். தணிகாசலம் யாரையும் விட்டுவைக்கவில்லை. மலையாளிகளுக்கு ஓணம் நடத்தினார். கொரியர்களுக்குப் புத்தாண்டு நடத்தினார். கொரியர்கள் வரவில்லை, அவர்களுக்கு ஷிப்டு. விழா சிறப்பாக நடந்தது.

இப்படிப்பட்டவரிடம் எலியாஸ் தால்கர் போய் நாற்காலி கேட்டார்.

எலியாஸ் ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு மேனேஜர். யூதர். பூர்வீகம் பம்பாய்க்குத் தெற்கே கொங்கணக் கரை. அப்பா ரயில்வேயில் இருந்ததால் பிள்ளை பிறந்து வளர்ந்தது பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில். ஆகவே தமிழ் நம் தமிழ்தான். கம்பெனியில் ஒரு திருகாணி அரை நூல் பிசகினால் பெட்டியோடு திருப்பி அனுப்புகிறவர், வெளியில் வந்தால் யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாதவர். விழாச் செயலாளர்கள் கொழுப்பது இப்படிப்பட்டவர்களின் மரியாதையைத் தின்றுதான்.

அவருடைய அம்மா மிரியம் அம்மா. எண்பதைத் தாண்டியவர். இருதயம் களைத்துப்போய்விட்டது, சாயங்காலமானால் கால் வீங்கும், படுத்தால் மூச்சு வாங்கும். குளிப்பாட்ட, மருந்து கொடுக்க, சக்கர நாற்காலியில் தள்ள என்னை வைத்திருந்தார்கள். உடம்பில் தெம்பாக இருந்தது வாய் ஒன்றுதான். அது நன்றாகவே இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் வருடம், மார்கழி பிறந்த சமயம். யூதர்களுக்கு விளக்குப் பண்டிகை வருகிறது. ஹனுக்கா என்பார்கள். எட்டு நாள், முதல் நாள் ஒரு விளக்கு, மறுநாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டே போய் எட்டாம் நாள் எட்டு. பற்ற வைப்பதற்கென்று பக்கத்தில் துணை விளக்கு ஒன்று. பித்தளைத் தண்டில் வரிசையாகக் கிண்ணங்கள், தேங்காயெண்ணெய், பஞ்சுத் திரி. மிரியம் அம்மாவுக்கு அது மாமியார் கொடுத்த விளக்கு.

“பெரம்பூர்ல நாங்க ஒரே குடும்பம்ப்பா,” என்றார் மகனிடம். “காத்து அடிக்கும்னு கதவைச் சாத்திக்கினு ஏத்துவோம். நாலு பேரு ‘ஆமென்’ சொல்றதுக்கு ஆளு கிடையாது. இப்போ மறைமலை நகர்ல ஒருத்தன் கீறான், மெட்ராஸ்ல ரெண்டு குடும்பம் கீது, உன் கம்பெனிக்கு மெஷின் மாட்ட வந்தானே அந்த வெள்ளைக்காரனும் பொண்டாட்டியும் கீறாங்க. எல்லாரையும் கூப்பிடு. மொத வெளக்கு நான் ஏத்தறேன்.”

அவ்வளவுதான் ஆசை. டாக்டர் அடுத்த மாதத்து மருந்தை எழுதிக் கொடுத்தார். அடுத்த வருடத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் அந்த அம்மாவுக்கே இல்லை. வீங்கிய காலைப் பார்த்தால் தெரிகிறதே.

இதில் ஒரு முடிச்சு இருந்தது. பண்டிகையின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சூரியன் விழுந்துவிட்டால் சனிக்கிழமை இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வு நாள். நெருப்பைப் பற்ற வைக்கக் கூடாது, எரிகிறதை அணைக்கவும் கூடாது. மற்ற விதிகளில் பிள்ளைகள் அப்படி இப்படி இருந்தாலும் மிரியம் அம்மா நெருப்பு விஷயத்தில் இளகமாட்டார். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே ஏற்றிவிட வேண்டும். விட்டால் அந்த நாள் விட்டதுதான்.

சுற்று வட்டாரத்து யூதர்கள் எல்லாரும் ஒரு கம்பெனி வேனில் அடங்குவார்கள். ஆனால் எலியாஸ் வீட்டுக் கூடத்தில் அடங்கமாட்டார்கள். பாதிக் கூடம் அம்மாவின் கட்டில். வாசலில் உட்கார வைக்கலாம், நாற்காலி போதாது. மன்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறதே, பத்து கேட்போம் என்று போனார். அங்கேதான் பிசகிற்று. தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் நாற்காலி கேளுங்கள், செயலாளரிடம் மட்டும் கேட்காதீர்கள். இருநூறு ரூபாய் அதிகமாகக் கொடுத்தாலும் பரவாயில்லை, காஞ்சிபுரத்திலிருந்து வாடகைக்கு எடுங்கள்.

“இன்னா சார், வெறும் சேரா?” தணிகாசலம் தாமே வீட்டுக்கு வந்துவிட்டார். “நம்ம ஏரியால ஒரு யூத சமுதாயம் இருக்குது, எனக்கே சொல்லல நீங்க. வாசல்ல ஒக்கார வச்சு, கொசுக்கடில... சேச்சே. மண்டபம் காலியாத்தான் சார் கீது. வெள்ளிக்கிழமை சாயந்தரம். எளிமையா பண்ணிடுவோம்.”

“இல்ல சார், வீட்டு அளவுல ஒரு பிரார்த்தனைதான்...”

“பிரார்த்தனை இல்லாமலா? நிகழ்ச்சி நிரல்ல மொதல்லயே போட்டுர்லாம்.”

எலியாஸ் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மாத்திரை டப்பாவைப் பார்த்தேன்.

“சூரியன் விழறதுக்கு முன்னாடி ஏத்திரணும் சார். அப்புறம் எங்க அம்மா நெருப்பு தொட மாட்டாங்க,” என்றார் எலியாஸ். இதை அவர் அன்றைக்கு மூன்று தரம் சொன்னார். ஒவ்வொரு தரமும் தணிகாசலம் தலையாட்டினார். செயலாளர்களின் தலையாட்டலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: அது காதோடு இணைக்கப்பட்டதல்ல.

அடுத்து விளக்கைப் பார்த்தார். கிண்ணங்களை விரல் வைத்து எண்ணினார். முகம் மலர்ந்தது.

“எட்டு! சார், உங்களுக்குத் தெரியாது, எங்க குத்துவிளக்குல அஞ்சு முகம்தான். அஞ்சு பேரு ஏத்தினா ஆறாவது ஆளு மொறச்சிக்கினு பூடறான். இதுல எட்டுப் பேரைத் திருப்திப்படுத்தலாமே!”

“முதல் நாள் ஒண்ணுதான் சார் ஏத்தணும்.”

“ஒண்ணா? மீதி ஏழும் காலியா? போட்டோல எப்பிடி இருக்கும்?”

“இருக்கிற மாதிரிதான் இருக்கும்ப்பா,” என்றார் மிரியம் அம்மா.

இரண்டு நாளில் நோட்டீஸ் வந்தது. மஞ்சள் தாள், மூலையில் அந்த விளக்கின் படம். வரைந்தவர் எண்ணெய்க் கிண்ணங்களுக்குப் பதில் ஐஸ்கிரீம் கோப்பைகளை வரைந்திருந்தார். ‘ஒரகடம் வட்டார யூத சமுதாயத்தின் வரவிருக்கும் கலை, பண்பாட்டு நிகழ்ச்சிகள்’ என்று தலைப்பு. அந்தச் சமுதாயத்துக்கு என்னவெல்லாம் வரவிருக்கிறது என்று அந்தச் சமுதாயமே அப்போதுதான் தெரிந்துகொண்டது. வெள்ளிக்கிழமை விளக்கேற்று விழா, பாரம்பரிய யூத நடனம். மறுநாள் சனிக்கிழமை, அதாவது அவர்கள் அடுப்புகூடப் பற்றவைக்காத நாளில், யூதச் சமையல் செய்முறை விளக்கம். மறு வாரம் யூதக் குழந்தைகளுக்கான ஓவியப் போட்டி. மொத்தம் இரண்டு குழந்தைகள். ஒன்றுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. ஆகவே முதல் பரிசும் இரண்டாம் பரிசும் நிச்சயம். ஜனவரியில் யூத நாட்டுப்புற இசை, வழங்குபவர் படப்பையைச் சேர்ந்த கீபோர்டு கலைஞர். நிறைவாகப் பட்டிமன்றம்: பெருவிழாவுக்கு ஒளி கூட்டுவது எண்ணெய் விளக்கா, மெழுகுவர்த்தியா? நடுவர் செயலாளரேதான். கடைசி வரியில் ‘அனைவரும் வருக, அனுமதி இலவசம்’. அவர்கள் பண்டிகைக்கு அவர்களுக்கும் அனுமதி இலவசம் என்பது பெரிய சலுகை இல்லையா?

மிரியம் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதையும் படித்தார். “இவ்ளோ விசேசம் எங்களுக்கு கீதுன்னு எங்க வேதம் படிச்ச குரு ரப்பிக்கே தெரியாது,” என்றார். “இதுல என் வெளக்கு எத்தினி மணிக்கு?”

நோட்டீஸில் மாலை நான்கு மணி என்று போட்டிருந்தது. எனக்கு மனம் சமாதானமாகவில்லை. நோட்டீஸில் போடுகிற மணி, விலைப் பட்டியலில் போடுகிற விலை மாதிரி. அதற்கு யாரும் கட்டுப்படுவதில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வாரா வாரம் ஏற்றும் வெள்ளிக்கிழமை விளக்கை மருமகள் வீட்டிலேயே ஏற்றுவதென்றும், பண்டிகை விளக்கை அம்மா மண்டபத்தில் ஏற்றுவதென்றும் ஏற்பாடு. மத்தியானமே குளிப்பாட்டி, நீர் இறங்குகிற மாத்திரையைச் சாயங்காலத்துக்குத் தள்ளி வைத்து, வெள்ளைப் புடவை கட்டி, தோளில் சால்வை போட்டுத் தள்ளிக்கொண்டு போனேன். மண்டபம் அதே தெருவில்தான். வாசலில் ஒலிபெருக்கி காலையில் கோயிலுக்காகப் பாடிய களைப்போடு சினிமாப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தது. மேடையில் விளக்கு, அதைச் சுற்றிச் செவ்வந்தி மாலை, பின்னால் பெரிய பேனர். பேனரில் சிறப்பு விருந்தினர் தாண்டவராயன் படம் ஆள் உயரத்துக்கு இருந்தது. அவர் மனை விற்கிறவர். பேனர் செலவு அவருடையது. பண்டிகையின் பெயர் அவர் முழங்காலுக்குக் கீழே இருந்தது.

யூதர்கள் எல்லாரும் சொன்ன நேரத்துக்கு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்கள். விழாவுக்குப் புதியவர்கள், பாவம். அந்த வெளிநாட்டு எஞ்சினியர் பேனரைக் காட்டி, இவர் எந்தத் தீர்க்கதரிசி என்று எலியாஸிடம் கேட்டாராம்.

மேடைக்குப் பக்கத்தில் லேடீஸ் ஹாஸ்டல் பெண்கள் ஜிகினாப் பாவாடையோடு நின்றார்கள். லைனில் நின்று ஒயர் செருகுகிற பிள்ளைகள். ஒரு நாள் ஓ.டி.யை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் மாரிசெல்வி என்ற சங்கரன்கோவில்காரப் பெண்ணிடம், பாரம்பரிய யூத நடனம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

“அட போங்க ஆச்சி! போன வருசம் கிறிஸ்மசுக்கு ஆடுனதுதான். பாட்ட மட்டும் நிறுத்திட்டு மியூசிக்கு போடுதாவ. தலையில நட்சத்திரம் வச்சிருந்தோம், அது கிறிஸ்மசு மாதிரி இருக்குன்னு செயலாளர் கழத்தச் சொல்லிட்டாவ.”

இதைக் கேட்ட எலியாஸ் முதல் தடவையாகச் சிரித்தார். “அந்த நட்சத்திரம் ஒண்ணுதான் எங்களுக்குக் கொஞ்சம் சம்பந்தம் உள்ளது, எங்க சின்னமே நட்சத்திரம்தான்,” என்றார்.

நான்கு மணி ஆகிக் கடந்தது. ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ ஆயிற்று. தாண்டவராயன் வந்துகொண்டே இருந்தார். எலியாஸ் எழுந்து போனார். “சார், வெளிச்சம் போகுது.”

“வந்துகினே கீறார் சார். சிப்காட் ரோட்ல ஷிப்டு பஸ்ஸுங்க மறிச்சிக்கினு நிக்குதாம். இப்போதான் போன் பண்ணேன்.”

எலியாஸ் திரும்பி வந்து உட்கார்ந்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் போனார். ‘வரவேற்புரையை ஆரம்பித்துவிடலாம்’ என்று பதில் வந்தது. வரவேற்புரையும் ஆரம்பித்தது, வராதவரை வரவேற்றே அது நீண்டுகொண்டு போனது. எலியாஸ் மூன்றாம் தடவை எழுந்தார், பாதி வழியில் நின்றார், கையைப் பிசைந்தார். கம்பெனியில் இந்த மனிதரைக் கண்டால் சூப்பர்வைசர்கள் நடுங்குவார்களாம். நம்பத்தான் வேண்டும்.

மிரியம் அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏரிக்கு அந்தப் பக்கம், உயர்மின் கோபுரத்தின் இடுப்பு வரைக்கும் சூரியன் இறங்கியிருந்தது. அவருக்கு மூச்சு கொஞ்சம் ஏற ஆரம்பித்தது. வீட்டுக்குத் திருப்பிவிடலாமா என்று நான் யோசித்தேன். அவர் வேறு யோசித்தார்.

“நர்சம்மா, வண்டியைத் தள்ளு.”

“வூட்டுக்காம்மா?”

“பந்திக்கு.”

எலியாஸ் பதறிக்கொண்டு வந்தார். “அம்மா, என்னம்மா? அவரு தப்பா நெனச்சுக்கப் போறாரு.”

“நெனச்சிக்கட்டும். தப்பா நெனைக்கிறதுக்கு நேரம் காலம் கெடையாது, நாளைக்குக்கூட நெனச்சிக்கலாம். இதுக்கு கீது. அந்த வெளக்கை எடுத்துக்கினு வாடா.”

அவர் எடுத்துக்கொண்டு வந்தார். செவ்வந்தி மாலையோடு. நான் முன்னால் தள்ள, முதல் வரிசை முழுவதும் எழுந்து பின்னால் வந்தது. வரவேற்புரை நிற்கவில்லை, காலி நாற்காலிகளைப் பார்த்து ‘திரளாக வந்திருக்கும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தது. வாசலில் விருந்தினரின் காரை எதிர்பார்த்து நின்ற தணிகாசலத்துக்கு அதில் ஒரு குறையும் கேட்கவில்லை.

பின்கட்டுச் சாப்பாட்டுக் கூடத்தில் கங்கம்மாள் உளுந்து வடை போட்டுக்கொண்டிருந்தாள். மண்டபத்துச் சமையல்காரி; சங்கதி என்ன என்று கேட்டுக்கொண்டு நிற்கிறவள் இல்லை. நாங்கள் கும்பலாக வந்ததைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, மேற்கு ஜன்னலோரம் இருந்த மேஜையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்து, தீப்பெட்டியை எடுத்து வைத்தாள்.

மிரியம் அம்மா தீப்பெட்டியை எடுத்தார். பிடித்துக்கொள்ளட்டுமா என்றேன். ‘வாணாம்’ என்றார். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவது குச்சியில் துணை விளக்கு பிடித்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எபிரேய மொழியில் பிரார்த்தனை சொன்னார். மூச்சுக்காக நடுவில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். எல்லாரும் பொறுமையாக நின்றார்கள். பிறகு முதல் விளக்கின் திரியில் சுடரை வைத்தார். பிடித்துக்கொண்டது. பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒன்றாக ‘ஆமென்’ என்றன. மறைமலை நகர்ப் பையன் ஒரு பாட்டை எடுத்தான். எடுத்தது உச்சத்தில், மற்றவர்கள் ஏற முடியாமல் திணறினார்கள். அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு மேஜையில் தாளம் போட்டார். ஜன்னலில் சூரியனின் மேல் விளிம்பு மட்டும் இருந்தது. அதுவும் போயிற்று.

நாடி பார்த்தேன். காலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தது. காரணம் கேட்காதீர்கள், இருந்ததைச் சொல்கிறேன்.

அப்போது தாண்டவராயன் வந்துவிட்டார். வாசலில் சரவெடி. மேடைக்கு ஓடிய தணிகாசலம் அங்கே விளக்கைக் காணாமல், முதல் வரிசையையும் காணாமல், எங்களைத் தேடிக்கொண்டு போட்டோக்காரரோடு சாப்பாட்டுக் கூடத்துக்குள் நுழைந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. செயலாளர்களுக்குக் கோபம் வராது. ‘சரிசெய்துவிடலாம்’ என்ற களைதான் இருந்தது. அது கோபத்தைவிட ஆபத்து.

“அடடா, ஏத்திட்டீங்களா? பரவால்ல, பரவால்ல. அப்பிடியே மேடைக்குத் தூக்கினு பூடலாம்.”

“ஏத்தின வெளக்கை இனிமே நகர்த்தக் கூடாதுப்பா,” என்றார் மிரியம் அம்மா.

“அப்போ இங்கயே ஐயாவைக் கூப்டுக்கினு வரட்டா? இங்க வடைப் பொகையா கீதே...” கொஞ்சம் யோசித்தார். அதிகம் இல்லை. “ஒரே நிமிசம்மா. அணைச்சிட்டு மேடையில மறுபடி ஏத்திர்லாம்.”

“சார், வேணாம்...” என்று எலியாஸ் வாயைத் திறந்தார். மரியாதையாகத் திறந்ததால் நேரமாயிற்று. தணிகாசலம் குனிந்தார். ஊதினார். இரண்டு விளக்கும் போயின.

“அய்யய்யோ!” கங்கம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “வெள்ளிக்கெயமையும் அதுவுமா வெளக்கை வாயால ஊதிட்டியேய்யா! உன் வூட்ல இப்பிடித்தான் ஊதுவியா?”

நல்ல கேள்வி. அவர் வீட்டில் அவர் மனைவி பூக்காம்பால் திரியை இழுத்து விளக்கை மலையேற்றுவதை நானே பார்த்திருக்கிறேன். யாராவது தன் வீட்டு விளக்கை ஊதினால் தணிகாசலம் மூன்று நாள் சாப்பிடமாட்டார். ஆனால் அது வீட்டு விளக்கு. இது நிகழ்ச்சி.

திரியிலிருந்து புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. எலியாஸின் முகம் வெளுத்துவிட்டது. சென்னையிலிருந்து வந்த பெண்மணி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். தணிகாசலம் மட்டும் சுறுசுறுப்பாக இருந்தார். தீப்பெட்டியை எடுத்து மிரியம் அம்மாவிடம் நீட்டினார்.

“வாங்கம்மா. ஐயா ஏத்தும்போது நீங்களும் ஒரு கை வையுங்க. போட்டோவுல ரெண்டு பேரும் வரணும்.”

அந்த அம்மா தீப்பெட்டியை வாங்கவில்லை. இரண்டு கையையும் சால்வைக்குள் வைத்துக்கொண்டார்.

“எனக்கு இருட்டிடுச்சுப்பா.”

“அம்மா, லைட்டுலாம் போட்டுருக்கோமே!”

“உனக்குப் போட்டுருக்கே.”

எலியாஸ் பக்கத்தில் மண்டியிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, அணைஞ்சிடுச்சேம்மா. இன்னைக்கு இனிமே ஏத்த முடியாதே.”

“டேய், இன்னாத்துக்கு அழுவற? ஏத்தற வரைக்கும்தான் நம்ம வேலை. நேரத்துக்கு ஏத்தினேன், எண்ணெய் கொறையாம ஏத்தினேன், எல்லாரும் ஆமென் சொன்னீங்க. முடிஞ்சுது. உங்கப்பா சொல்லிக் கேட்டுக் கேட்டு இந்தச் சட்டம் எனக்கு மனப்பாடம். அப்புறம் காத்து அடிச்சு அணைஞ்சா நாம திரும்ப ஏத்த வாணாம். காத்து ஊதினாலும் ஒண்ணுதான், தணிகாசலம் ஊதினாலும் ஒண்ணுதான்.” பிறகு கங்கம்மாள் பக்கம் திரும்பினார். “எண்ணெய்ப் பலகாரம் துன்ற பண்டிகைம்மா இது. வடை ஆறிடப்போவுது.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எலியாஸுக்கும் வந்தது; அழுகையும் கூடவே வந்ததால் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. உப்பும் எண்ணெயும் அந்த அம்மாவுக்கு ஆகாது. பாதி வடை கொடுத்தேன். மீதிப் பாதியைக் கங்கம்மாள் எனக்குத் தெரியாமல் கொடுத்தாள். எனக்குத் தெரியாமல் என்று அவர்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

விளக்கு மேடைக்குப் போயிற்று. தாண்டவராயன் எட்டையும் ஏற்றினார்; ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரமுகர் பக்கத்தில் நின்றார். முதல் தடவை பிளாஷ் அடிக்கவில்லை. “ஐயா, இன்னொரு வாட்டி” என்றார் போட்டோக்காரர். தணிகாசலம் ஊதினார். இரண்டாம் தடவை ஐயா கண்ணை மூடிவிட்டார். தணிகாசலம் ஊதினார். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அதிகமாக உழைத்த உறுப்பு அவர் நுரையீரல்தான். பிறகு மாரிசெல்வியும் கூட்டாளிகளும் நட்சத்திரம் இல்லாமல் ஆடினார்கள். கூட்டம் கைதட்டியது. அடுத்த நாள் சமையல் செய்முறைக்கும் திரளாக வரும்படி அறிவிப்பு வந்தது. யூதர்கள் அப்போது வீட்டில், எலியாஸின் மனைவி நேரத்தோடு ஏற்றிவைத்த வெள்ளிக்கிழமை விளக்கின் முன்னால், கட்டிலிலும் தரையிலும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இடம் போதத்தான் செய்தது.

பிரமாதமாக நடந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. போட்டோவும் வந்தது. நன்றாகவே விழுந்திருந்தது.

இதைப் படித்துவிட்டு, நல்லவேளை, நமக்கு மன்றமும் இல்லை, மண்டபச் சாவியும் இல்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். இருங்கள். ஒன்றிரண்டு விசாரிக்க வேண்டியிருக்கிறது. தாலி கட்டி மூன்றாம் முடிச்சும் போட்ட மாப்பிள்ளையிடம், ‘வீடியோவுல விழல, இன்னொரு தடவை குனிங்க’ என்று சொன்னது யார்? ஊருக்குப் போகிற பிள்ளை கட்டிப்பிடித்து அழுதபோது, ‘இந்தப் பக்கம் திரும்பி அழு’ என்றது யார்? உங்கள் வீட்டுக் குழந்தை சுவரை விட்டுவிட்டு, முதல் முதலாகக் கையை விரித்துக்கொண்டு இரண்டு எட்டு உங்களை நோக்கி நடந்து வந்ததே, அப்போது அதை வாரித் தூக்காமல், திரும்பக் கொண்டுபோய்ச் சுவரோரம் நிறுத்தி, ‘இரு கண்ணு, கேமரா எடுத்துக்கினு வரேன், அப்புறம் நட’ என்று உள்ளே ஓடியது யார்?

தணிகாசலம் இல்லை. அவருக்கு அன்றைக்கு மண்டபத்தில் வேலை இருந்தது.